தமிழில் ஒரு மனுப் படிவம்: பொதுச்சேவை மென்பொருள் எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பொதுச்சேவைச் செயலிகளைக் கட்டற்ற மென்பொருளாக (நிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடியதாக) எழுதுவோருக்கான பக்கம் இது. பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க, ஒரு பேரூராட்சியின் குறைதீர் மனுப் படிவத்தை உதாரணமாக வைத்துக்கொள்வோம். தெருவிளக்கு எரியவில்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று எழுதுகிறார்கள். மனு எண் வாங்குகிறார்கள். பதில் வந்ததா என்று பார்க்கிறார்கள். அளவில் சின்னப் படிவம்தான். தமிழில் செய்யும்போது இடறும் கல் அத்தனையும் இதிலேயே கிடக்கிறது.

கடைச் செயலிக்கும் பொதுச்சேவைச் செயலிக்கும் அப்படி என்ன வித்தியாசம்?

பஸ் டிக்கெட் செயலி எரிச்சலூட்டினால் இன்னொன்றுக்குப் போகலாம். தெருவிளக்கு மனுவுக்கு இருப்பது ஒரே கவுன்டர். நூற்றில் ஐந்து பேர் பாதியில் விலகினால் கடைக்காரர் அதை நஷ்டக் கணக்கில் எழுதிவிட்டுப் போகலாம். இங்கே விலகும் ஐந்து பேருக்குத்தான் பெரும்பாலும் அந்தச் சேவை அதிகம் தேவைப்படும்.

அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டுத் தளமான ஹெல்த்கேர்.கவ் 2013 அக்டோபர் 1 அன்று திறந்தது. முதல் நாள் முழுதும் காப்பீடு எடுத்து முடிக்க முடிந்தவர்கள் ஆறு பேர். கோளாறுகள் பல, அதில் ஒன்று, திட்டங்களையும் விலையையும் பார்ப்பதற்கே கணக்குத் தொடங்க வேண்டும் என்று வைத்திருந்தது. வெறுமனே பார்க்க வந்தவர்களும் சேர்ந்து பதிவுப் பக்கத்தில் மோதினார்கள். நம் படிவத்துக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது எளிது: எந்தத் துறைக்கு எழுதுவது, என்ன ஆவணம் வேண்டும், எத்தனை நாளாகும் என்பதெல்லாம் உள்நுழையாமலே தெரிய வேண்டும். போன் எண்ணைக் கடைசிப் பக்கத்தில் கேளுங்கள்.

யாருக்காக வடிவமைப்பது?

மூன்று பேருக்காக. மனுதாரர் ஒருவர். இ-சேவை மையத்தில் அவருக்காகத் தட்டச்சு செய்பவர் இன்னொருவர். மனுவைப் பார்த்து முடித்துவைக்கும் அலுவலக எழுத்தர் மூன்றாமவர். பெரும்பாலான வடிவமைப்புகள் முதல் ஆளோடு நின்றுவிடுகின்றன.

மையத்தில் தட்டச்சு செய்பவர் மவுஸைத் தொடாமல் டேப் விசையிலேயே படிவத்தை முடிக்கப் பார்ப்பார். டேப் வரிசை தாறுமாறாக இருந்தால், ஒரு நாளைக்கு அறுபது மனு போடும் அவருக்குத்தான் கை வலிக்கும். எதிரே நாற்காலியில் இருக்கும் மனுதாரர் திரையையே பார்ப்பதில்லை. அவர் கைக்குப் போவது ஒரு ஏ4 தாள். அந்தத் தாளும் உங்கள் செயலியின் ஒரு திரைதான். அதில் மனு எண் பெரிதாக இருக்கட்டும். நிலையைப் பச்சை, சிவப்பு என்று நிறத்தில் மட்டும் காட்டினால் கறுப்பு வெள்ளை பிரின்டரில் இரண்டும் ஒரே சாம்பல்.

பெயரை எத்தனை பெட்டியில் வாங்குவது?

ஒரே பெட்டியில். 'முதல் பெயர்', 'குடும்பப் பெயர்' என்று இரண்டு பெட்டி வைப்பது குடும்பப் பெயர் உள்ள நாடுகளின் வழக்கம். கு. செல்வி என்பவருக்குக் குடும்பப் பெயர் எது? 'கு' என்பது அப்பா பெயரின் முதலெழுத்து. கல்யாணத்துக்குப் பிறகு அது கணவர் பெயரின் எழுத்தாக மாறியிருக்கலாம், மாறாமலும் இருக்கலாம். இரண்டாவது பெட்டியைக் கட்டாயமாக்கினால் சிலர் ஒரு புள்ளி வைப்பார்கள், சிலர் செல்வியையே இரண்டு தடவை எழுதுவார்கள், சிலர் அப்பா பெயரை முழுதாகப் போடுவார்கள். பிறகு 'செல்வி கு', 'கு.செல்வி', 'செல்வி குமாரசாமி' மூன்றும் தரவுத்தளத்தில் மூன்று ஆட்கள்.

பெட்டிக்கு மேலே 'முழுப் பெயர், ரேஷன் கார்டில் உள்ளபடி' என்று எழுதுங்கள். புள்ளி, இடைவெளி, தமிழோடு கலந்த ஆங்கில இனிஷியல் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஒப்பிட வேண்டிய இடத்தில் மட்டும் புள்ளியையும் இடைவெளியையும் நீக்கிவிட்டு ஒப்பிடுங்கள். சேமித்த பெயரில் கை வைக்காதீர்கள்.

செல்வி என்று எழுதினால் 'செல்லாத எழுத்துகள்' என்று வருகிறதே?

சோதனை விதியில் கோளாறு. 'செல்வி' நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. எழுத்துகளுக்கு எண் தரும் உலகத் தரமான யூனிகோடில் ஆறு குறிகள்: ச, எகரக் கொம்பு, ல, புள்ளி, வ, இகர விசிறி. இவற்றில் ச, ல, வ மூன்றும்தான் 'எழுத்து' வகையில் வரும். கொம்பும் புள்ளியும் விசிறியும் 'சேர்குறி' வகை. எழுத்து வகையை மட்டும் அனுமதிக்கும் ரெகெக்ஸ் (எழுத்துகளைச் சோதிக்கும் விதி) அந்த மூன்றையும் தள்ளிவிடும். இரண்டு வகையையும் சேர்த்து அனுமதியுங்கள். 'அ முதல் ஹ வரை' என்று எல்லை போட்டு எழுதுவோரும் இதே பள்ளத்தில்தான் விழுகிறார்கள். உயிர்மெய்க் குறிகள் ஹ-வுக்கு அப்பால் இருக்கின்றன. சொந்தப் பெயரையே செல்லாது என்று ஒருவரிடம் சொல்லும் படிவத்தை அவர் அடுத்த தடவை எப்படி நம்புவார்?

பெயர் தரவுத்தளத்தில் இருக்கிறது, கண்ணுக்கும் தெரிகிறது. தேடினால் மட்டும் கிடைப்பதில்லை. ஏன்?

ஒரே மாதிரித் தெரிவது ஒரே குறிகளாக இருக்க வேண்டும் என்பதில்லை. நான்கு இடங்களில் இது நடக்கும்.

முதலாவது ஒகர வரிசை. 'கொ' என்பதை க + ஒகரக் குறி என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். க + எகரக் கொம்பு + கால் என்று மூன்றாகவும் எழுதலாம். இது யூனிகோடுக்குத் தெரிந்த விஷயம். உள்ளே வரும் எல்லா உரையையும் என்எஃப்சி வடிவத்துக்கு (இப்படிப்பட்ட மாற்று எழுதுமுறைகளை ஒன்றாக்கும் யூனிகோட் வடிவம்) மாற்றிவிட்டால் தீர்ந்தது. சேமிக்கும்போது ஒருமுறை, தேடுசொல்லுக்கு ஒருமுறை, இரண்டு இடத்திலும் செய்ய வேண்டும். ஒன்றில் மறந்தால் செய்தும் பயனில்லை.

இரண்டாவது தொல்லை பிடித்தது. 'கௌசல்யா' என்பதில் க-வுக்குப் பின் வருவது ஔகாரக் குறி, ஒரே குறி. ஏராளமானோர் அதைக் 'கெளசல்யா' என்று, கெ எழுதி ள எழுதித் தட்டுகிறார்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோலவே தெரியும். தட்டச்சு செய்தவருக்குத் தவறு தெரிய வழியே இல்லை. என்எஃப்சி இதைத் தொடாது. அதன் கணக்கில் இவை வேறு வேறு சொற்கள். 'பெளர்ணமி', 'கெளரவம்', 'ஒளவையார்' எல்லாம் இதே கதை. கண்ணை மூடிக்கொண்டு 'ெள' வருமிடத்தையெல்லாம் மாற்றவும் முடியாது. தெளிவு, வெள்ளம், கெளுத்தி எல்லாம் கெட்டுப்போகும். கவனித்துப் பார்த்தால் ஒரு பிடி கிடைக்கும்: உண்மையான ளகரம் வரும் சொற்களில் ள-வின் மேல் அநேகமாக எப்போதும் ஒரு குறி இருக்கிறது, ளி, ள், ளு என்று. கொம்புக்குப் பின்னால் ள மொட்டையாக நின்றால் அதை ஔகாரமாகக் கொள்ளலாம். 'வெளக்கு' போன்ற பேச்சு வடிவங்கள் சிக்கும். பெயர்களில் அது அபூர்வம்.

மூன்றாவது 'ஸ்ரீ'. ஸ-வில் தொடங்கியும் எழுதலாம், ஶ-வில் தொடங்கியும் எழுதலாம். பின்னது 2005இல் யூனிகோட் 4.1 பதிப்பில் சேர்ந்த எழுத்து. எந்த விசைப்பலகை எதைத் தருகிறது என்பது அதை எழுதியவரைப் பொறுத்தது. ஸ்ரீதர், ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று இதில் மாட்டும் பெயர்கள் கொஞ்சமில்லை.

நான்காவது கண்ணுக்கே தெரியாத பூஜ்ய அகலக் குறிகள். வலைப்பக்கத்திலிருந்தோ வாட்ஸாப்பிலிருந்தோ நகலெடுத்து ஒட்டும்போது கூடவே வந்துவிடும்.

இந்த நான்குக்கும் சேர்த்து ஒரே வழி: பெயர் எழுதப்பட்டபடியே தரவுத்தள அட்டவணையின் ஒரு பத்தியில் (நெடுவரிசையில்) இருக்கட்டும். பக்கத்தில் 'தேடுசாவி' என்று இன்னொரு பத்தி. என்எஃப்சி ஆக்குதல், மொட்டை ள-வை ஔகாரமாக்குதல், இரண்டு ஸ்ரீயையும் ஒன்றாக்குதல், பூஜ்ய அகலக் குறிகளையும் புள்ளி, இடைவெளியையும் நீக்குதல் என்ற திருத்தமெல்லாம் அதில் மட்டும். தேடுவதும் அதில்தான்.

பெயர்ப் பத்திக்கு 20 என்று நீளம் கொடுத்திருக்கிறோம். ஐந்தெழுத்துப் பெயர் ஏன் உள்ளே போக மறுக்கிறது?

20 எதன் கணக்கு என்று பாருங்கள். 'மகேஸ்வரி' கண்ணுக்கு ஐந்தெழுத்து, யூனிகோடில் எட்டுக் குறி, அதைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு குறிக்கு மூன்று பைட் என்பதால் 24 பைட். தரவுத்தள மென்பொருள்களில் மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் இரண்டும் குறிகளை எண்ணும். ஆரக்கிளின் வழக்கமான அமைப்பு பைட்டை எண்ணும். 20 பைட்டில் மகேஸ்வரி அடங்கமாட்டார்.

வெட்டுவதிலும் கவனம் வேண்டும். பட்டியலில் இடம் போதவில்லை என்று 'விண்ணப்பம்' என்ற பத்துக் குறிச் சொல்லை ஒன்பதில் வெட்டினால் 'விண்ணப்பம' என்று புள்ளி போய் நிற்கும். பெயரின் முதல் குறியை வட்டத்துக்குள் போடும் வழக்கமும் அப்படித்தான். கௌசல்யாவுக்கு 'க' என்றும் செல்விக்கு 'ச' என்றும் வரும். எழுத்துக்கொத்து (மெய்யும் அதன் குறியும் சேர்ந்த முழு எழுத்து) எல்லை தெரிந்த கருவியால் வெட்டுங்கள். உலாவியிலேயே இன்டல் செக்மென்டர் இருக்கிறது.

அகரவரிசை ஏன் தப்பாக வருகிறது?

யூனிகோட் எண் வரிசை தமிழ் அகரவரிசை இல்லை. அதில் ன, ந-வுக்கு அடுத்து நிற்கிறது, ற, ர-வுக்கு அடுத்து, ள-வும் ழ-வும் வ-வுக்கு முன்னால், ஜ நடுவில். பன்மொழி ஆதரவுக்கான ஐசியூ நூலகத்தின் தமிழ் வரிசை விதியைப் பயன்படுத்துங்கள். போஸ்ட்கிரெஸ் 10ஆம் பதிப்பிலிருந்து அது உள்ளேயே கிடைக்கிறது.

அலுவலகத்தின் பழைய எக்செல் கோப்பில் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளாகக் கொட்டிக் கிடக்கிறது. மீட்க முடியுமா?

முடியும். அது யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்தது. பாமினி என்ற அப்படிப்பட்ட எழுத்துருவில் 'அம்மா' என்பது கணினியைப் பொறுத்தவரை எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டியது. தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்றது. அதற்கு முந்தைய கோப்புகளில் பாமினி, வானவில், டாப், டாம், டிஸ்கி என எதுவும் இருக்கலாம்.

முதலில் எந்த எழுத்துரு என்று கண்டுபிடியுங்கள். எக்செல்லில் அந்தக் கட்டத்தைச் சொடுக்கினாலே எழுத்துருப் பெயர் மேலே தெரியும். சிஎஸ்வி (வெறும் உரையாலான அட்டவணைக் கோப்பு) ஆக்கிய பிறகு அந்தத் தகவல் போய்விடும். ஆகவே மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். மாற்ற ஓப்பன்-தமிழ் போன்ற கட்டற்ற நூலகங்கள் இருக்கின்றன. கோளாறு பெரும்பாலும் மாற்றியில் இருக்காது. ஒரே பத்தியில் பாமினித் தமிழும் நிஜ ஆங்கிலமும் கலந்திருப்பதில்தான் இருக்கும். மின்னஞ்சல் முகவரியைப் பாமினி என்று நினைத்து மாற்றினால் புரியாத தமிழ் கிடைக்கும். மூலப் பத்தியை அழிக்காதீர்கள். மாற்றிய வரிகளில் ஒரு நூறையாவது அந்த அலுவலக எழுத்தர் கண்ணால் பார்த்துச் சரி சொல்லட்டும். ஊர்ப்பெயரில் உள்ள பிழை அவருக்குத்தான் சட்டென்று தெரியும்.

திரையில் தமிழ் சரியாக இருக்கிறது. பிடிஎஃப் எடுத்தால் கட்டம் கட்டமாக வருகிறது, அல்லது கொம்பு இடம் மாறுகிறது.

இரண்டும் வேறு நோய். கட்டம் வந்தால் சர்வரில் தமிழ் எழுத்துரு இல்லை. செயலியை அதன் சூழலோடு பொதியும் டாக்கர் படிமங்கள் பெரும்பாலும் எழுத்துரு இல்லாத மொட்டைப் படிமங்கள். லோஹித் தமிழ் அல்லது நோட்டோ சான்ஸ் தமிழை நிறுவுங்கள்.

கொம்பு மெய்க்குப் பின்னால் போய் நின்றால், அந்த பிடிஎஃப் நூலகத்துக்கு எழுத்தைக் கோக்கத் தெரியவில்லை என்று பொருள். 'செ' என்பதில் ச முதலில் சேமிக்கப்படுகிறது, கொம்பு அடுத்து; வரையும்போது கொம்பை முன்னால் கொண்டுவர வேண்டும். உலாவியில் இதை ஹார்ஃப்பஸ் போன்ற நூலகம் செய்கிறது. குறிகளை வந்த வரிசையிலேயே அடுக்கும் பிடிஎஃப் நூலகங்கள் பல. அவற்றோடு மல்லுக்கட்டாமல், தாளை எச்டிஎம்எல்லாக எழுதி, திரையில்லா குரோமியம் வழியாகவோ வீசிபிரின்ட் வழியாகவோ பிடிஎஃப் ஆக்குங்கள்.

பிடிஎஃப்பிலிருந்து தமிழை நகலெடுத்தால் உடைந்து வருவது இதன் மறுபக்கம். வரையும் வரிசை அப்படியே வெளியே வருகிறது. அதனால் தரவை பிடிஎஃப்பில் மட்டும் வெளியிடுவது வெளியிடாததற்குச் சற்று மேல், அவ்வளவுதான். பக்கத்திலேயே சிஎஸ்வி கோப்பையும் வையுங்கள்.

எஸ்எம்எஸ் செலவு இரண்டு மடங்காகிவிட்டது. தமிழை விட்டுவிடலாமா?

விட வேண்டாம், சுருக்குங்கள். ஆங்கிலச் செய்தியில் 160 குறி அடங்கும், தமிழில் 70. அதைத் தாண்டினால் ஒவ்வொரு துண்டிலும் 67தான், கட்டணம் துண்டுக் கணக்கில். எண்ணப்படுவது கண்ணுக்குத் தெரியும் எழுத்து இல்லை, குறிகள். இதைப் பாருங்கள்:

உங்கள் மனு 4521 ஏற்கப்பட்டது. 7 நாளில் பதில் வரும்.

இடைவெளியும் புள்ளியும் சேர்த்து 51 குறி. ஒரே செய்தியில் போய்விடும். 'மதிப்பிற்குரிய மனுதாரர் அவர்களுக்கு வணக்கம்' என்று தொடங்கினால் அதுவே பாதிக்கு மேல் விழுங்கிவிடும். மரியாதையைப் பதில் சீக்கிரம் வருவதில் காட்டலாம். இந்தியாவில் செய்தியின் வார்ப்புரு டிஎல்டி தளத்தில் (தொலைத்தொடர்பு நிறுவனங்களின் எஸ்எம்எஸ் பதிவுத் தளம்) முன்கூட்டியே பதிவாகியிருக்க வேண்டும்; பதிந்ததற்கும் அனுப்பியதற்கும் ஒரு புள்ளி மாறினாலும் செய்தி போகாமல் தடுக்கப்படலாம். ஆகவே சொற்களை இறுதி செய்துவிட்டுப் பதியுங்கள்.

மொழிபெயர்ப்பை எப்படிச் செய்வது? எல்லாச் சரத்தையும் (திரையில் வரும் சொல், வாக்கியங்களை) கொடுத்து வாங்கிவிட்டோம்.

சரங்களைத் தனித்தனியாகக் கொடுத்ததுதான் பிரச்சினை. இப்படி ஒரு பெட்டி பல செயலிகளில் வருகிறது:

மனுவை ரத்து செய்யவா?
[ரத்து] [சரி]

மனுவை ரத்து செய்ய வந்தவர் 'ரத்து' பொத்தானை அழுத்துவார். மூல நிரலில் அந்தப் பொத்தான் இந்தப் பெட்டியை மூடுவதற்கு. மனு அப்படியே நிற்கும். மனம் மாறியவரோ 'சரி, வேண்டாம்' என்று நினைத்து 'சரி'யை அழுத்துவார், மனு போய்விடும். மொழிபெயர்த்தவர் மேல் குற்றமில்லை, அவருக்குத் திரையே காட்டப்படவில்லை. பொத்தானில் செயலையே எழுதுங்கள்: 'ஆம், மனுவை நீக்கு', 'வேண்டாம், இருக்கட்டும்'. 'சமர்ப்பி' என்பதற்குப் பதில் 'மனுவை அனுப்பு'. ஒவ்வொரு சரத்துக்கும் ஒரு ஸ்கிரீன்ஷாட் இணைத்துக் கொடுக்க வெப்லேட் போன்ற கட்டற்ற கருவிகளில் வசதி இருக்கிறது.

இன்னொன்று, சொல்லை ஒட்டித் தைக்காதீர்கள். ஊர்ப்பெயரோடு 'இல்' சேர்த்தால் மதுரை மதுரையில் ஆகும், திருவாரூர் திருவாரூரில் ஆகும், சேலம் சேலத்தில் ஆகும். நிரலில் ஒட்டினால் 'சேலம்இல்' என்று வரும். 'ஊர்: சேலம்' என்று தனியே காட்டினால் எந்தத் தொல்லையும் இல்லை.

பிழைச் செய்தியில் எது தவறு, எப்படித் திருத்துவது இரண்டும் வேண்டும். 'தவறான உள்ளீடு' என்பதால் யாருக்கும் பயனில்லை. 'பின்கோடு 6 இலக்கம் இருக்க வேண்டும், 5தான் இருக்கிறது' என்று எழுதுங்கள். பக்கத்தின் உச்சியில் போடாமல் அந்தப் பெட்டிக்கு ஒட்டியே போடுங்கள். எழுதிய மற்றதெல்லாம் அழியாமல் நிற்க வேண்டும் என்பதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிறந்த தேதிக்கு நாட்காட்டி வைக்கலாமா?

வேண்டாம். 1958இல் பிறந்தவர் அம்புக்குறியை எத்தனை முறை அழுத்துவார்? நாள், மாதம், ஆண்டு என்று மூன்று சிறு பெட்டிகள் போதும். வயது மட்டும் தேவையென்றால் வயதையே கேளுங்கள்.

போன் எண், பின்கோடு, ஆதார் இவை கணக்குப் போடும் எண்கள் இல்லை. எண் வகைப் பெட்டி வைத்தால் மவுஸ் சக்கரம் உருளும்போது மதிப்பு மாறிவிடும். பிரிட்டன் அரசின் வடிவமைப்புக் குழு 2020இல் இந்தக் காரணங்களோடு எண் வகைப் பெட்டியைக் கைவிட்டது. உரைப்பெட்டியே வைத்து, எண் விசைப்பலகை மட்டும் வரும்படி அதற்கு இன்புட்மோட் பண்பு கொடுங்கள். நடுவில் இடைவெளி விட்டு எழுதினாலும் ஏற்றுக்கொண்டு நீங்களே நீக்குங்கள். ஆதாரின் 12ஆவது இலக்கம் வெர்ஹோஃப் முறைச் சரிபார்ப்பு இலக்கம், மற்ற இலக்கங்களிலிருந்து கணக்கிடப்படுவது. தட்டுப்பிழையை உலாவியிலேயே பிடிக்கலாம். தெருவிளக்குக்கு ஆதார் எதற்கு என்பது அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி.

புகைப்படம் 50 கேபிக்குள் இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம். தவறா?

படத்தைச் சுருக்கும் வேலையை மக்கள் தலையில் கட்டுவது தவறு. போன் கேமரா தருவது மூன்று, நான்கு எம்பி. சுருக்கத் தெரியாதவர் பிரவுசிங் சென்டருக்குப் போய்க் காசு கொடுக்கிறார். உலாவியின் கேன்வாஸில் (நிரலால் படம் வரையும் பரப்பில்) நீண்ட பக்கத்தை 1600 பிக்சலாக்கி, ஜேபெக் தரம் 0.7இல் சேமித்தால் பெரும்பாலும் சில நூறு கேபியில் அடங்கும், விளக்குக் கம்ப எண்ணும் படிக்க முடியும். 50 கேபியில் அந்த எண் தெரியாது. எழுத்தர் மறுபடி கேட்பார். ஐபோனின் எச்இஐசி படங்களையும் ஏற்கிறதா என்று சோதியுங்கள். படத்தில் ஒட்டி வரும் ஜிபிஎஸ் இடத்தகவலை, பொதுவில் காட்டும் பிரதியிலிருந்து நீக்கிவிடுங்கள். பலர் வீட்டு வாசலில் நின்றுதான் படம் எடுக்கிறார்கள்.

மாவட்டப் பட்டியலை நிரலிலேயே எழுதிவிடலாமா? அது மாறவா போகிறது?

மாறியது. தமிழ்நாட்டில் 32ஆக இருந்த மாவட்டங்கள் 2019, 2020இல் கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், மயிலாடுதுறை சேர்ந்து 38 ஆயின. பெயரைச் சேமித்திருந்த செயலிகளில் வேலூர் மாவட்டத்து மனுக்கள் பாதி எந்த மாவட்டம் என்று தெரியாமல் நின்றன என்றால் ஆச்சரியமில்லை. ஆங்கில எழுத்துக்கூட்டலும் நம்பத்தக்கதில்லை: 2020 ஜூனில் 1018 ஊர்ப்பெயர்களின் எழுத்துக்கூட்டலை மாற்றும் அரசாணை வெளியாகிச் சில நாளில் திரும்பப் பெறப்பட்டது. பெயருக்குப் பதிலாக, மத்திய அரசின் உள்ளாட்சிக் கோப்பகம் (எல்ஜிடி) தரும் குறியெண்ணைச் சேமியுங்கள். பெயர் அட்டவணை தனியாக, 'எந்தத் தேதி முதல், எந்தத் தேதி வரை' என்ற இரண்டு பத்தியோடு இருக்கட்டும். கதவு எண் பெட்டி 'பழைய எண் 12, புதிய எண் 27/3' என்பதை ஏற்க வேண்டும்.

பார்வையற்றவர்களுக்கு என்ன செய்ய வேண்டும்?

முதல் வேலை, பக்கத்தின் மொழி தமிழ் என்று எச்டிஎம்எல்லின் லாங் (lang) பண்பில் குறிப்பது. அது இல்லாவிட்டால் திரை வாசிப்பான் ஆங்கிலக் குரலிலேயே தமிழைப் படிக்க முயன்று திணறும். அடுத்து, ஒவ்வொரு பெட்டிக்கும் நிலையான லேபிள். பெட்டிக்குள் சாம்பல் நிறத்தில் இருந்து எழுதத் தொடங்கியதும் மறையும் குறிப்பு லேபிள் ஆகாது. எழுத்து-பின்னணி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1. படக் கேப்ட்சாவை (படத்தில் உள்ள எழுத்தைத் தட்டச் சொல்லும் சோதனையை) எடுத்துவிடுங்கள். ஒரு போன் எண்ணிலிருந்து மணிக்கு இத்தனை மனு என்ற வரம்பே குப்பை மனுக்களில் பெரும்பகுதியைத் தடுக்கும்.

சோதனைக்குப் பணமில்லை. என்ன செய்வது?

ஐந்து பேர் போதும் என்ற, பயன்பாட்டு எளிமை ஆய்வாளர் ஜேக்கப் நீல்சனின் கணக்கு பிரபலம். ஒரே வகைப் பயனர் ஐவரைப் பார்த்தால் 85 சதவீதச் சிக்கல்கள் தெரிந்துவிடும் என்பது. நமக்கு மூன்று வகைப் பயனர்; ஆகவே ஒவ்வொரு வகையிலும் ஐந்து பேர். உங்கள் போனைக் கொடுக்காமல் அவர்கள் போனிலேயே செய்யச் சொல்லுங்கள். திரை விரிசல், பெரிதாக்கிய எழுத்தளவு, நிரம்பிய நினைவகம் எல்லாம் அதில்தான் இருக்கும். 'இது புரிகிறதா?' என்று கேட்காதீர்கள். மரியாதைக்காகப் புரிகிறது என்றுதான் சொல்வார்கள். 'உங்கள் தெருவில் விளக்கு எரியவில்லை, மனு போடுங்கள்' என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு விரலைப் பாருங்கள். விரல் நின்ற இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நிரலைத் திறந்துவைத்தால் ஹேக் செய்துவிட மாட்டார்களா?

பூட்டின் அமைப்பு தெரிந்தால் ஆபத்தில்லை, சாவி வெளியே கிடந்தால்தான் ஆபத்து. தரவுத்தளக் கடவுச்சொல்லும் எஸ்எம்எஸ் சேவையின் சாவியும், நிரலை மாற்ற வரலாற்றோடு சேமிக்கும் கிட் களஞ்சியத்துக்குள் போயிருந்தால், கோப்பை அழித்தால் போதாது. பழைய பதிவில் அது இருக்கும். முதலில் சாவியை மாற்றுங்கள், பிறகு வரலாற்றைத் துப்புரவு செய்யுங்கள்.

பொதுச்சேவைத் தளங்களில் அடிக்கடி காணும் ஓட்டை, நிரலைப் பார்க்காமலே கண்டுபிடிக்கக் கூடியது: முகவரிப் பட்டையில் 4521ஐ 4522 ஆக்கினால் அடுத்தவர் மனு, போன் எண்ணோடு திறக்கும். மனு எண் வரிசையாக இருக்கலாம். பார்க்க அதோடு போன் எண்ணின் கடைசி நான்கு இலக்கமாவது வேண்டும், தப்பாகப் போட்டுப் பார்ப்பதற்கும் வரம்பு வேண்டும்.

திறந்த நிரல் தானாகவே பாதுகாப்பு என்றும் இல்லை. இணையத் தகவலை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில் ஹார்ட்பிளீட் ஓட்டை 2014இல் வெளிப்படும் முன் ஈராண்டு கண்ணில் படாமல் இருந்தது. 2024இல் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் நூலகத்துக்குள் யாரோ நுழைத்த பின்வாசலை, எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைவது அரை விநாடி தாமதமானதைக் கவனித்த ஒரு பொறியாளர் பிடித்தார். நிரல் திறந்திருந்ததால்தான் அவரால் தோண்ட முடிந்தது. தோண்டுகிற ஆள் ஒருவர் இருந்ததும் முக்கியம்.

செயலியை எழுதித் தரும் நிறுவனத்தோடு போடும் ஒப்பந்தத்தில் என்ன எழுத வேண்டும்?

மத்திய அரசின் 2015ஆம் ஆண்டு திறந்த மூல மென்பொருள் கொள்கை அரசுத் துறைகளை இந்தப் பக்கம் திருப்பியது. ஆனால் 'ஓப்பன் சோர்ஸ்' என்ற ஒரு சொல்லால் எதுவும் கைக்கு வராது. நிரல் யாருக்குச் சொந்தம், எந்த உரிமம், முழு மாற்ற வரலாற்றோடு எந்த நாளில் வெளிவரும் என்பதை எழுதுங்கள். கடைசித் தவணைக்கு ஒரு நிபந்தனை: நிறுவனத்துக்குத் தொடர்பில்லாத ஒருவர், புதுக் கணினியில், ஆவணத்தை மட்டும் படித்துச் செயலியை ஓட்டிக் காட்ட வேண்டும். பாதி திறப்பதும் நடக்கும். 2020 மே மாதம், கொரோனா தொடர்பறியும் செயலியான ஆரோக்ய சேது திறக்கப்பட்டபோது வந்தது ஆண்ட்ராய்டு செயலியின் நிரல், சர்வர் பக்கம் அப்போது வரவில்லை. சர்வரில் ஓடும் சேவைக்கு ஏஜிபிஎல் உரிமம் பொருந்தும்: திருத்திச் சேவையாக நடத்துபவரும் தன் திருத்தத்தைப் பயனர்களுக்குத் தர வேண்டும். எம்ஐடி உரிமத்தில் அந்தக் கட்டாயம் இல்லை.

எனக்கு நிரல் எழுதத் தெரியாது. எப்படி உதவுவது?

பிழை அறிக்கை எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம். 'தேடல் வேலை செய்யவில்லை' என்பதைவிட இப்படி:

போன்: ஆண்ட்ராய்டு 12, குரோம். செய்தது: தேடல் பெட்டியில் 'கௌரி' என்று தமிழ்99 விசைப்பலகையில் தட்டி, 'தேடு' அழுத்தினேன். எதிர்பார்த்தது: நேற்று பதிந்த மனு. வந்தது: 'மனு எதுவும் இல்லை'. அச்சிட்ட தாளில் உள்ள பெயரைக் கொடுத்துத் தேடினாலும் இல்லை. மனு எண்ணால் தேடினால் கிடைக்கிறது.

இதைப் படிக்கும் நிரலருக்கு எங்கே பார்க்க வேண்டும் என்பது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும். பெயரைப் படமாக மட்டும் அனுப்பாமல் எழுத்தாகவும் ஒட்டுங்கள். உள்ளே என்ன குறி இருக்கிறது என்று படத்தில் தெரியாது. மனுதாரரின் போன் எண்ணும் முகவரியும் ஸ்கிரீன்ஷாட்டில் இருந்தால் அனுப்பும் முன் மறைத்துவிடுங்கள்.